ஐரோப்பியக் காலநிலைக் கொள்கையில் இன்டர்ன்ஷிப்: எங்கே தேடுவது, எதைப் படித்துவிட்டுப் போவது

திருப்பூரில் வளர்ந்து, கோவையில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து, இப்போது ஜெர்மனியில் சுற்றுச்சூழல் முதுகலை இரண்டாம் செமஸ்டர் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல், காலநிலைக் கொள்கைப் பணியில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. ஒன்றியத்தின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் பெயர் தெரிந்த அமைப்புகளுக்கெல்லாம் எழுதியும் பதில் வரவில்லை. இந்திய பாஸ்போர்ட்தான் தடையா? சம்பளம் இல்லாமல் கூப்பிட்டால் போகலாமா? இன்ஜினியரிங் படித்தவருக்குக் கொள்கை உலகில் இடம் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெளிவானால் மற்ற இரண்டும் சுலபமாகிவிடும்.

இடம் தாராளமாக இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் அரசியல் அறிவியல், சட்டம், ஐரோப்பிய ஆய்வுகள் படித்த இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சாயப்பட்டறைக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, உப்பு எங்கே போய்ச் சேர்கிறது, பாய்லரில் எதை எரிக்கிறார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அங்கே எழுதப்படும் சட்டங்களின் இணைப்புப் பக்கங்களில் இருப்பதெல்லாம் இந்த விவரங்கள்தான். உங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வராததற்கு உங்கள் படிப்பு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். எல்லா அமைப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருப்பீர்கள், அதில் எந்தச் சட்டத்தின் பெயரும் இருந்திருக்காது. இதுதான் பெரும்பாலோருக்கு நடக்கிறது.

கொள்கை வேலை அங்கே ஃபைல் வாரியாக நடக்கிறது. இரண்டு பேர் அறிமுகமானால், எந்த அமைப்பு என்று கேட்ட கையோடு எந்த ஃபைலைப் பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஃபைல் என்றால் ஒரு சட்ட முன்மொழிவு, அல்லது ஏற்கெனவே நிறைவேறிய சட்டத்தின் கீழ் வரும் விதிமுறை. 2019 டிசம்பர் 11-ல் பசுமை ஒப்பந்தம் என்ற ஒன்றியத்தின் காலநிலை, சுற்றுச்சூழல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் காலநிலைச் சட்டம் வந்து, 1990-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் உமிழ்வை 55 சதவீதம் குறைப்பதையும் 2050-ல் நிகர பூஜ்யத்தை எட்டுவதையும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஜூலை 14-ல் அந்த 55 சதவீதத்தை எட்டுவதற்கான சட்டங்கள் ஒரே கட்டாக முன்மொழியப்பட்டன. அந்தக் கட்டிலிருந்த ஒவ்வொன்றும் தனி ஃபைல். ஒவ்வொன்றுக்கும் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையத்தில் ஒரு பிரிவு, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதைக் கவனிக்கும் உறுப்பினரான ஓர் அறிக்கையாளர், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கவுன்சிலில் ஒரு பணிக்குழு, வெளியே அதைப் பின்தொடரும் தொண்டு நிறுவனங்களும் தொழில் கூட்டமைப்புகளும் ஆய்வு நிலையங்களும். இந்த வரிசையில் எங்கோ ஓர் இடத்தில்தான் இன்டர்ன் உட்காருகிறார். அதனால் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அதில் ஊறி, அதைப் பார்க்கும் ஆட்களைத் தேடிப் போங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இது ஒன்றுதான். மீதியெல்லாம் நடைமுறை விவரம்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இயற்கை மீட்புச் சட்டத்தை ஆணையம் 2022 ஜூனில் முன்மொழிந்தது. 2030-க்குள் ஒன்றியத்தின் நிலத்திலும் கடலிலும் குறைந்தது 20 சதவீதப் பரப்பில் மீட்புப் பணி நடக்கவேண்டும் என்பது அதன் மைய இலக்கு. 2023 ஜூன் 27 அன்று நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 44, எதிர்ப்பு 44. சமமானால் தோல்விதான். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 12-ல், ஸ்ட்ராஸ்பர்க்கில் முழு அவை கூடியது. சட்டத்தையே தூக்கி எறியக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 312, எதிர்ப்பு 324. வெறும் 12 வாக்கில் சட்டம் உயிர் பிழைத்தது. பிறகு நாடாளுமன்றத்தின் நிலைப்பாடு 336-க்கு 300 என்று நிறைவேறியது. ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. 2024 ஜூன் 17-ல் லக்சம்பர்க்கில் அமைச்சர்கள் கவுன்சில் கூடியபோது, ஆஸ்திரியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர் தன் அரசின் பிரதமர் தரப்பு எதிர்த்தும் ஆதரவாக வாக்களித்தார். 20 நாடுகளின் ஆதரவு கிடைத்தது. மக்கள்தொகைக் கணக்கில் அது 66.07 சதவீதம். தேவைப்பட்டது 65.

44-க்கு 44 என்று முடிந்த நாளுக்கும் ஸ்ட்ராஸ்பர்க் வாக்கெடுப்புக்கும் இடையில் இருந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்களில் இன்டர்னின் கையில் இருப்பது ஓர் எக்செல் தாள். அன்றைக்கு இருந்த 705 உறுப்பினர்களின் பெயர், நாடு, கட்சி, அரசியல் குழு, முந்தைய வாக்கெடுப்புகளில் எப்படி வாக்களித்தார்கள், எந்தத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று வரிசை வரிசையாக நிரப்பவேண்டும். தடுமாறக்கூடியவர்கள் யார், அவர்களிடம் யார் பேசலாம் என்று மூத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் 12 வாக்கில் ஒரு சட்டம் நிற்கிறதா விழுகிறதா என்று முடிவாகும்போது, அந்தத் தாளில் ஒரு பெயர் தப்பான பத்தியில் இருந்தால் என்ன ஆகும் என்று புரியும்.

இன்னொரு தாளையும் அடிக்கடி பார்ப்பீர்கள். நாடாளுமன்றமும் கவுன்சிலும் தங்கள் தங்கள் நிலைப்பாட்டை எடுத்த பிறகு, ஆணையத்தையும் வைத்துக்கொண்டு மூன்று தரப்பும் பேச உட்காருவார்கள். அதற்கு நான்கு பத்தி ஆவணம் ஒன்று தயாராகும். முதல் பத்தியில் ஆணையத்தின் மூல வாசகம், இரண்டாவதில் நாடாளுமன்றம் மாற்றியது, மூன்றாவதில் கவுன்சில் மாற்றியது. நான்காவது காலியாக இருக்கும்; பேசி முடித்த வாசகம் அங்கே ஏறும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும். ஒரு பிரிவில் "வேண்டும்" என்று இருந்தது இன்னொரு பத்தியில் "முயலவேண்டும்" என்று ஆகியிருக்கும். அதைக் கண்டுபிடித்து, அதனால் யாருக்கு என்ன சலுகை கிடைக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்தால் உங்களை யாரும் விடமாட்டார்கள். நேர்முகத் தேர்வில் எழுத்துத் தேர்வு வைப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான்: நீண்ட முன்மொழிவு ஒன்றைக் கொடுத்து, குறைந்த நேரத்தில் ஒரு பக்கக் குறிப்பு கேட்பார்கள். இன்றைக்கே வீட்டில் பழகிப் பார்க்கலாம். சட்ட வாசகங்கள் எல்லாம் யூர்-லெக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குழுக் கூட்டங்களை நாடாளுமன்றமே நேரலையில் ஒளிபரப்புகிறது.

சரி, திருப்பூர்க்காரருக்கு எந்த ஃபைல்? நானாக இருந்தால் ஜவுளியை விட்டு நகரமாட்டேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்குத் தெரியும். கழிவுநீரை நொய்யலில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற நிலைக்கு அந்த ஊர் வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம், சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று ஊரே கற்றுக்கொண்டது. அதற்கு ஆன செலவும் கடனும் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருந்திருக்கும். இப்போது ஐரோப்பாவில் நடப்பதைப் பாருங்கள். ஜவுளி ஆலைகளின் ஈரப் பதனிடல் உள்ளிட்ட வேலைகளுக்கான சிறந்த தொழில்நுட்ப முடிவுகள், அதாவது ஆலைகளின் அனுமதிக்கு அளவுகோலாகும் விதிகள், 2022 டிசம்பரில் வெளியாயின. அவற்றைத் தயாரித்தது ஸ்பெயினின் செவில் நகரில் இருக்கும், ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நிலைத்த பொருள்களுக்கான வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் ஆடைகளுக்குத் தனி விதிமுறை வரவிருக்கிறது. 2025 ஏப்ரலில் வெளியான வேலைத் திட்டத்தில் ஜவுளி முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அதற்கான அடிப்படை ஆய்வையும் செவில்தான் பார்க்கிறது. விற்காத துணிகளை அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்களுக்குத் தடை. பழைய துணியைத் தனியாகச் சேகரிப்பது 2025 ஜனவரி முதல் உறுப்பு நாடுகளின் கடமை.

இந்த விதிகளில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்க உங்களைப் போன்ற ஆள் வேண்டும். கழிவுநீர் முழுவதையும் மீட்டு, மிச்சத்தை ஆவியாக்கி உப்பாக்க நிறைய நீராவியும் மின்சாரமும் தேவை. அதனால் ஒரு டி-ஷர்ட்டின் கார்பன் கணக்கு ஏறும். ஆற்றில் அப்படியே திறந்துவிடும் இன்னோர் ஊரின் டி-ஷர்ட் கார்பன் கணக்கில் நல்ல பிள்ளையாகத் தெரியும். கார்பனை மட்டும் பெரிதாக அளக்கும் விதிமுறை வந்தால், நதியைக் காப்பாற்றியவர்களுக்குத் தண்டனை, கெடுத்தவர்களுக்குப் பரிசு என்று ஆகிவிடும். தண்ணீரையும் கார்பனையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? எந்தத் தரவு வேண்டும், அது திருப்பூரில் யாரிடம் இருக்கிறது? இதைப் பற்றி எண்களோடு இரண்டு பக்கம் எழுதுங்கள். பிரஸ்ஸல்ஸில் ஜவுளி ஃபைலைப் பார்க்கிறவர்களின் கைக்கு இந்தக் கோணம் எளிதில் வந்து சேராது.

எழுதியதை மேசைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆணையம் ஒரு வரைவு விதிமுறையை வெளியிட்டால் பொதுவாக 4 வாரம் கருத்துக் கேட்கும். விரிவான பொது ஆலோசனை என்றால் 12 வாரம். கருத்துச் சொல்ல ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை. எந்த நாட்டில் இருந்தும் அனுப்பலாம். உங்கள் பெயரில் அது பொதுவெளியில் பதிவாகும், இணைப்பாகக் கோப்பையும் ஏற்றலாம். விண்ணப்பக் கடிதத்தில் அந்தப் பதிவைச் சுட்டிக்காட்ட முடிந்தால், அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜவுளி வேண்டாம், காலநிலைதான் வேண்டும் என்றால் கார்பன் எல்லை வரி இருக்கிறது. சிமெண்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றை ஒன்றியத்துக்குள் கொண்டுவருபவர்கள் அவற்றின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்குக் கணக்குச் சொல்லவேண்டும். 2023 அக்டோபரில் அறிக்கை தரும் கட்டம் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறை. 2025-ல் செய்த திருத்தத்தில் ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழ் இறக்குமதி செய்பவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். போல்ட், நட்டு, ஸ்க்ரூ கூட இந்த வரிக்குள் வருகின்றன என்பதால் இந்தியாவின் சிறு ஏற்றுமதியாளர்களையும் இது தொடும். ஓர் உலையின் உமிழ்வை எப்படி அளப்பது, நிஜத் தரவு இல்லாதபோது அதற்குப் பதிலாக எந்த இயல்பு மதிப்பை (முன்பே நிர்ணயித்த எண்ணை) எடுப்பது என்பதெல்லாம் கெமிக்கல் இன்ஜினியரின் கேள்விகள். ஜெர்மனியில் இதற்குப் பொறுப்பான அலுவலகம் பெர்லினில் இருக்கும் உமிழ்வு வணிக ஆணையம்; அது கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் ஒரு பகுதி. முகமையின் தலைமையகம் டெஸ்ஸாவ் நகரில். இரண்டு பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவேன்.

இனி பாஸ்போர்ட்.

ஆணையத்தின் சொந்த இன்டர்ன்ஷிப் திட்டத்துக்குப் புளூ புக் என்று பெயர். 1960 முதல் நடக்கிறது. மார்ச் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு அணி, ஒவ்வொன்றும் 5 மாதம். மாதம் 1,300 யூரோவுக்கு மேல் உதவித்தொகை. ஓர் அணிக்கு ஆயிரம் பேர் அளவில் எடுப்பார்கள், விண்ணப்பிப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. குறைந்தது மூன்று ஆண்டுப் பட்டம் வேண்டும், வயது வரம்பு இல்லை. ஒன்றியத்தின் குடிமக்களுக்கு இரண்டு ஐரோப்பிய மொழி தெரிந்திருக்கவேண்டும். வெளிநாட்டவருக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றில் ஒன்று உயர் நிலையில் இருந்தால் போதும். ஆம், இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம். விண்ணப்பியுங்கள், அதையே நம்பி உட்காராதீர்கள். விண்ணப்ப வாசல் பொதுவாக ஜனவரி வாக்கில் அக்டோபர் அணிக்கும், ஜூலை கடைசி வாக்கில் மார்ச் அணிக்கும் திறக்கும். ஏற்கெனவே ஒன்றியத்தின் நிறுவனம் எதிலாவது 6 வாரத்துக்கு மேல் வேலையோ பயிற்சியோ செய்திருந்தால் தகுதி போய்விடும் என்பதால், எதை முதலில் செய்வது என்று யோசித்து அடி வையுங்கள். கவுன்சில், நாடாளுமன்றச் செயலகம் ஆகியவற்றின் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றியக் குடிமக்களை மனதில் வைத்தே இருக்கின்றன. அங்கே நேரம் செலவிடவேண்டாம்.

இதைப் படிக்கும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸிலோ டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ பிறந்து வளர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன எல்லா வாசலும் முழுதாகத் திறந்திருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, கூடவே ஆங்கிலம் என்றால் இரண்டு மொழி நிபந்தனை அப்போதே முடிந்தது. மருத்துவம், கணினி, வங்கி என்று மட்டுமே யோசிக்கும் வீடுகளில் இந்தத் திட்டத்தின் பெயரே காதில் விழுந்திருக்காது. தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை என்பதால் அங்குள்ளவர்கள் ஒவ்வொரு அறிவிப்பிலும் குடியுரிமை வரியை முதலில் படிக்கவேண்டும்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். பாஸ்போர்ட்டைவிட உங்களுக்குப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். ஜெர்மனி கொடுத்த மாணவர் வசிப்பு அனுமதியை வைத்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போய்வரலாம், வேலை செய்ய முடியாது. பெல்ஜியத்தில் இன்டர்ன்ஷிப் என்றால் பெல்ஜியத்தின் அனுமதி தனியாக வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கான ஒன்றிய அளவிலான விதி 2016-லேயே வந்திருக்கிறது: படித்துக்கொண்டிருப்பவர்களோ, கடந்த 2 ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்களோ பயிற்சி ஒப்பந்தத்தோடு விண்ணப்பிக்கலாம். ஆனால் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அந்தக் காகித வேலையைச் செய்ய ஆள் இருக்காது. அதனால்தான் பல விளம்பரங்களில் "ஒன்றியத்தில் வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே உள்ளவர்கள்" என்று ஒரு வரி போடுகிறார்கள். அந்த வரி உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்: இதற்கு முன் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களை எடுத்திருக்கிறீர்களா, அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

அதனால் என் யோசனை, முதல் இன்டர்ன்ஷிப்பை ஜெர்மனிக்குள்ளேயே முடியுங்கள். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் பாடத்திட்டமே கேட்கும் கட்டாய இன்டர்ன்ஷிப் ஒரு வகை, நீங்களாகச் செய்வது இன்னொரு வகை. கட்டாய வகை, மாணவர்களுக்கு ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட 140 முழு வேலைநாள் கணக்கில் சேராது. நீங்களாகச் செய்வது சேரும். அமைப்புகளுக்கும் இதில் அக்கறை உண்டு: நீங்களாகச் செய்யும் இன்டர்ன்ஷிப் 3 மாதத்தைத் தாண்டினால் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும். 2026-ல் அது மணிக்கு 13.90 யூரோ, முழு நேரம் என்றால் மாதம் 2,400 யூரோவைத் தொடும். கட்டாய வகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பல ஆய்வு நிலையங்கள் "கட்டாய இன்டர்ன்ஷிப் மட்டும்" என்று கேட்பதன் காரணம் இதுதான். ஆகவே உங்கள் தேர்வு விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து, எத்தனை வாரம் கட்டாயம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்திடம் ஒரு பக்கச் சான்று வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு தாளுக்கு நல்ல மரியாதை உண்டு.

எங்கே? மேலே சொன்ன டெஸ்ஸாவ் முகமையும் பெர்லின் உமிழ்வு ஆணையமும் முதலில். பெர்லினில் எகோலாஜிக் நிறுவனம், அடெல்ஃபி, அகோரா எனர்கிவெண்டே. ஃப்ரைபர்கைத் தலைமையிடமாகக் கொண்ட எகோ நிறுவனம் 1977-ல் அணுமின் நிலைய எதிர்ப்பு இயக்கத்திலிருந்து பிறந்தது. இன்றைக்கு ஒன்றியத்தின் சட்டங்களுக்கான பின்னணி ஆய்வுகளை எழுதிக்கொடுக்கிறது. கார்ல்ஸ்ருஹேயில் ஃப்ரான்ஹோஃபரின் ஐ.எஸ்.ஐ. நிலையம், வுப்பர்டாலில் அந்த ஊர் பெயரிலேயே ஒரு நிலையம். ஆணையம் ஒரு சட்டத்தை முன்மொழியும்போது அதோடு வரும் தாக்க மதிப்பீட்டுக்கான கணக்குகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஆய்வு நிலையங்களிலும், ரோட்டர்டாமின் ட்ரினோமிக்ஸ் போன்ற ஆலோசனை நிறுவனங்களிலும்தான் போடப்படுகிறது. இன்ஜினியருக்கு இந்த இடங்களில் வரவேற்பு அதிகம். சட்டம் பிறப்பதற்கு முன்பே அதன் எண்களைத் தொடுகிறீர்கள்.

பிரான்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே பல்கலைக்கழகம், நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் இன்டர்ன்ஷிப் இல்லை. 2 மாதத்துக்கு மேல் போனால் உதவித்தொகை கட்டாயம், குறைந்தபட்சம் மாதம் 600 யூரோ அளவில் வரும். பாரிஸில் இட்ரி, ஐ4சிஇ போன்ற காலநிலை ஆய்வு நிலையங்களும், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி., சர்வதேச எரிசக்தி முகமை போன்ற பெரிய அமைப்புகளும் இருக்கின்றன. படிப்பு முடிவதற்குள் போகவேண்டும். முடிந்துவிட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பல்கலைக்கழகம் இருக்காது.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகாதீர்கள் என்பதுதான் என் பதில். பிரஸ்ஸல்ஸில் ஓர் அறைக்கே 600 யூரோ அளவில் ஆகும். அந்தப் பணத்தை ஊரில் இருந்து அப்பாவோ அண்ணனோ அனுப்பவேண்டியிருந்தால், அந்தக் கொள்கை அலுவலகத்துக்கு உங்கள் குடும்பம் நன்கொடை தருகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே கல்விக்கடன் இருக்கும். இது உங்கள் தனிப்பட்ட கூச்சத்தால் சமாளிக்கவேண்டிய விஷயமும் கிடையாது, அங்கேயே நீண்ட போராட்டம் நடந்திருக்கிறது. வெளிநாடுகளில் உள்ள ஒன்றியத் தூதரகங்கள் சம்பளமில்லாமல் இன்டர்ன்களை வைத்திருந்தது பற்றிப் புகார் வந்தபோது, ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் எமிலி ஓ'ரெய்லி 2017-ல் எல்லோருக்கும் உதவித்தொகை தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே அந்த அனுபவம் கிடைக்கிறது என்பது அவருடைய வாதத்தின் மையம். ஐரோப்பிய இளைஞர் மன்றம் பெல்ஜியத்துக்கு எதிராகத் தொடுத்த புகாரில், 2022-ல் வெளியான முடிவில் ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு இளைஞர்கள் பக்கம் நின்றது: இன்டர்ன் என்ற பெயரில் நிஜ வேலையை வாங்கிக்கொள்ளும் போலி ஏற்பாடுகளை பெல்ஜியம் ஒழுங்காகத் தடுக்கவில்லை என்றது. 2024 மார்ச் 20-ல் ஆணையமே இன்டர்ன்ஷிப் தரத்துக்கு ஒரு சட்ட முன்மொழிவு கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் நீதி பேசும் இடத்தில் கூலி இல்லாமல் வேலை வாங்குவதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. கௌரவமாகச் சம்பளம் தரும் தொண்டு நிறுவனங்கள் பிரஸ்ஸல்ஸில் நிறையவே இருக்கின்றன. தேடுதலை அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் ஐ.நா. காலநிலைச் செயலகம் இந்த விஷயத்தில் கொஞ்சம் சங்கடமானது. இன்டர்ன்களுக்கு அங்கே ஊதியம் இல்லாத வழக்கம் நீண்ட நாளாக இருக்கிறது. ஆனால் பானில் ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் பேச்சுவார்த்தைகளுக்குப் பார்வையாளராகப் போவது வேறு. உங்கள் பல்கலைக்கழகம் பார்வையாளர் அமைப்பாகப் பதிவாகி இருந்தால் அதன் பெயரில் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. பேராசிரியரிடம் டிசம்பருக்குள் கேட்டு வையுங்கள். பத்து நாள் அங்கே நடந்தால் பல அமைப்புகளின் ஆட்களை நேரில் பார்ப்பீர்கள்.

தொண்டு நிறுவனங்களைப் பற்றி இப்போதைய நிலவரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974-ல் தொடங்கிய ஐரோப்பியச் சுற்றுச்சூழல் பணியகம், காலநிலை நடவடிக்கை வலையமைப்பு, போக்குவரத்துக்கான டி அண்ட் இ, கிளையன்ட்எர்த், கார்பன் மார்க்கெட் வாட்ச் ஆகியவை பெரிய பெயர்கள். ஜவுளி ஃபைலுக்கு முதலாவதைப் பாருங்கள், கார்பன் எல்லை வரிக்குக் கடைசியை. ஆனால் 2024 தேர்தலுக்குப் பிறகு அரசியல் காற்று மாறிவிட்டது. போட்டித்திறன், எளிமைப்படுத்தல் என்ற பேச்சுத்தான் மேலே. லைஃப் என்ற ஒன்றிய நிதியிலிருந்து சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குப் போகும் பணத்தை நாடாளுமன்ற வலதுசாரிகள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த நிதியை நம்பும் அமைப்புகளுக்கு ஆள் எடுப்பதில் தயக்கம் இருக்கும். பதில் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், மனம் தளரவேண்டாம். இன்னொரு பக்கம், 2040-க்குள் 90 சதவீதக் குறைப்பு என்ற இலக்கை ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது. அதற்கான வேலை பல ஆண்டு ஓடும்.

தொழில் கூட்டமைப்புகளும் மக்கள் தொடர்பு நிறுவனங்களும் நல்ல சம்பளத்தோடு இன்டர்ன்களை எடுக்கின்றன. போவதில் தவறில்லை, ஆனால் கண் திறந்து போங்கள். ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டால், யாருக்காக வேலை செய்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறது, எந்தெந்தச் சட்டத்தைத் தொடுகிறது என்று காட்டும். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர் நீர் விதிகளைத் தளர்த்தக் கேட்கும் கடிதத்துக்கு வரைவு எழுத உட்காரவேண்டி வரலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதும்போது முதல் வரியை மாற்றுங்கள். "சிறு வயதில் இருந்தே இயற்கையின் மீது ஆர்வம் கொண்ட நான்" என்று தொடங்கும் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. அதற்குப் பதிலாக இப்படி: "ஆடைகளுக்கான வடிவமைப்பு விதிமுறையின் அடிப்படை ஆய்வை நீங்கள் பின்தொடர்கிறீர்கள். கழிவுநீரை முழுதாக மீட்கும் ஆலைகளின் ஆற்றல் செலவு அதில் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பற்றி, திருப்பூர் ஆலைகளின் தரவோடு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்; இணைத்துள்ளேன்." இதைப் படிக்கிறவர் இணைப்பைத் திறக்காமல் இருக்கமாட்டார். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். பொதுப் பெட்டிக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், அந்த ஃபைலைப் பார்க்கும் கொள்கை அலுவலரின் பெயரை அமைப்பின் தளத்திலேயே கண்டுபிடித்து அவருக்கும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் ஒரே ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக மொழி. பிரஸ்ஸல்ஸில் வேலை ஆங்கிலத்தில் நடக்கும். பிரெஞ்சு இருந்தால் வீடு தேடவும் நட்புப் பிடிக்கவும் உதவும், கொள்கை வேலைக்குக் கட்டாயம் இல்லை. ஜெர்மன் விஷயம் வேறு. டெஸ்ஸாவிலும் பெர்லினிலும் உள்கூட்டங்கள் ஜெர்மனில்தான் நடக்கும், அரசு முகமைகளில் குறிப்புகளும் ஜெர்மனில்தான். மொழித் தேர்ச்சியில் பி1 நிலையில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த செமஸ்டருக்குள் பி2-வை முடித்துவிடுங்கள். ஆய்வு நிலையங்களில் ஒன்றிய அளவிலான திட்டங்கள் ஆங்கிலத்தில் ஓடுவதால், பி2 கைக்கு வரும்வரை அவற்றை முதலில் முயலுங்கள். நான்காம் செமஸ்டர் ஆய்வேட்டையும் அதே ஜவுளி ஃபைலில் வைத்துக்கொண்டால், இன்டர்ன்ஷிப் செய்யும் இடத்திலேயே அதற்கான தரவும் இரண்டாவது வழிகாட்டியும் கிடைக்க வழி இருக்கிறது. இதை உங்கள் பேராசிரியரிடம் இந்த செமஸ்டர் முடிவதற்குள் பேசிவிடுங்கள்.